கிறிஸ்து அரசர் என்றால் எப்படிப்பட்ட அரசர்?

நவம்பர் மாதக் கடைசியில் சென்னையின் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஆலய வட்டாரங்களில், கிறிஸ்து அரசர் பெருவிழா வரும். பல இடங்களில் நற்கருணைப் பவனியும் இருக்கும். அந்த நாளுக்குரிய சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: தலையில் பொன்முலாம் பூசிய கிரீடம், ஒரு கையில் செங்கோல், மறு கையில் சிலுவை பொருத்திய உலக உருண்டை, தோளில் சரிகைக் கரை வைத்த சிவப்பு அங்கி. முகத்தை மறைத்துவிட்டால் எந்த ஐரோப்பிய மன்னரின் சிலை என்று வேண்டுமானாலும் சொல்லலாம்.

குழப்பம் இந்தச் சுரூபத்திலேயே தொடங்குகிறது. இவர்கள் மதத்தின் பெயரால் ஆட்சியைக் கேட்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்களில் சிலர் நினைக்கிறார்கள். எங்கள் அரசர்தான் எல்லாரிலும் பெரியவர், ஆகவே நாங்கள் வெற்றி பெற்ற கூட்டம் என்று உள்ளே இருப்பவர்களில் சிலர் நினைக்கிறார்கள். அது பரலோகத்துக் காரியம், குடிநீர் வரியும் கூலிப் பாக்கியும் அதில் வராது என்று ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. ஆனால் மூன்றுக்கும் விவிலியத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்ட முடிகிறது. அதனால்தான் கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மதகு யார் கையில்?

சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்கள் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்தவை. ஏரியின் மதகைத் திறந்து மூடுவதற்கென்றே ஊரில் ஒருவர் இருப்பார். நீர்க்கட்டி என்பார்கள். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் பொறுப்பு. ஊரிலேயே அதிக நிலம் வைத்திருப்பவரும் தன் இஷ்டத்துக்கு மடையை வெட்டிக்கொள்ள முடியாது. அவ்வளவு அதிகாரம். ஆனால் ஏரியும் அவருடையதல்ல, தண்ணீரும் அவருடையதல்ல. பல ஊர்களில் அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. நிலம் இல்லாதவர் கையில் மதகு இருந்தால்தான் பாரபட்சம் இராது என்பது ஊரார் போட்ட கணக்கு. அவருக்குரிய கூலி அறுவடையில் நெல்லாகக் கிடைக்கும்.

ஏரி நிரம்பி வழியும்போது அவருடைய வேலையை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் குறையும் ஆண்டில்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியும். மதகடி வயல் எப்படியும் நனைந்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

விவிலியம் ஏற்றுக்கொள்ளும் அரசர் ஏறக்குறைய இந்த வகை. அவருடைய அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது, சொந்தச் சொத்தல்ல. அதைத்தான் பணி என்கிறோம். கடைசியில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்து அந்த அதிகாரம் அளக்கப்படுகிறது, அது நீதி. ஏரியையும் கரையையும் கெடாமல் வைத்திருப்பதும் அதே பொறுப்பில் அடங்கும். அது படைப்பின் பராமரிப்பு. ஓரிடத்தில் இந்த ஒப்புமை நொண்டும். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். அவர் கையால் தண்ணீர் பெற்ற ஊர் அவருக்கு மரியாதையைத் தரவில்லை. இந்த நொண்டலும் நம் விஷயத்தைச் சேர்ந்ததுதான். பின்னால் அதற்கு வருவோம்.

அரசன் வேண்டும் என்று கேட்ட மக்கள்

இஸ்ரயேல் மக்களுக்கு முதலில் அரசரே இல்லை. மற்ற இனத்தாரைப் போல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று அவர்கள் தங்களை வழிநடத்திய சாமுவேலிடம் போய் நின்றார்கள். சாமுவேல் முதல் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் அவர் கொடுக்கும் எச்சரிக்கையைப் படித்தால், எந்த நாட்டு எந்த அரசாங்கத்தைப் பற்றியும் எழுதியது போல இருக்கும். உங்கள் மகன்களைத் தன் தேருக்கு முன் ஓட வைப்பான். உங்கள் மகள்களைச் சமையலுக்கும் ரொட்டி சுடவும் எடுத்துக்கொள்வான். நல்ல வயல்களைப் பிடுங்கித் தன் அதிகாரிகளுக்குக் கொடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று போகும். கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள். மக்கள் கேட்கவில்லை. அரசர் வந்தார்.

ஆக, விவிலியத்தில் முடியாட்சி சந்தேகத்தோடு உள்ளே விடப்பட்ட ஏற்பாடு. அதனால்தான் இணைச்சட்ட நூலின் 17-ஆம் அதிகாரம் அரசருக்குக் கடிவாளம் போடுகிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது, அதாவது படைபலத்தை. மனைவியரைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. திருச்சட்டத்தின் ஒரு படியைத் தனக்கென எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் படிக்க வேண்டும். தன் சகோதரரைவிடத் தான் உயர்ந்தவன் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சட்டத்தை இயற்றுபவனாக அரசனை வைக்காமல், சட்டத்துக்குக் கீழே மாணவனைப் போல உட்கார வைக்கிறார்கள்.

ஞானத்துக்குப் பெயர் போன சாலமோன் இந்தத் தடைகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆயிரத்து நானூறு தேர்கள், எழுநூறு மனைவியர், போதாக்குறைக்கு மக்கள்மேல் கட்டாய வேலை. அவர் இறந்ததும் மக்கள் அவருடைய மகன் ரெகபெயாமிடம் வந்து சுமையைக் குறைக்கக் கேட்டார்கள். இன்று இந்த மக்களுக்கு நீர் பணியாளராய் இருந்தால் அவர்கள் என்றும் உமக்குப் பணியாளராய் இருப்பார்கள் என்று பெரியவர்கள் அறிவுரை சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர்களோ, விட்டுக்கொடுக்காதே என்றார்கள். என் தந்தை உங்களைச் சாட்டையால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று ரெகபெயாம் அறிவித்தார். பத்துக் குலங்கள் அன்றே அவரை விட்டுப் பிரிந்தன. அரசாட்சியே பணிதான் என்ற கருத்து ஏதோ பக்திப் பேச்சாகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதல்ல. ஒரு நாடு உடைந்த கதையின் நடுவில் அது வருகிறது.

அழைக்காமல் வரும் ஆள்

நமக்கு மனுநீதிச் சோழன் கதை தெரியும். அரண்மனை வாயிலில் மணி; கன்றை இழந்த பசு வந்து அடிக்கிறது; அரசன் தன் மகன் மேலேயே தேரேற்றுகிறான். மணியைக் கட்டியவன் அரசன். அவன் நல்லவனாக இருந்ததால் மணி இருந்தது. கட்டாத அரசனிடம் பசு என்ன செய்யும் என்று கதை சொல்வதில்லை.

இஸ்ரயேலில் அந்த இடத்தில் இறைவாக்கினர் நிற்கிறார். இறைவாக்கினர் என்றால் வருங்காலத்தைக் கணித்துச் சொல்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். கடவுளின் பெயரால் நிகழ்காலத்தைத் தட்டிக் கேட்பவர் என்பதே முதன்மையான பொருள். ஆகாபு மன்னனின் அரண்மனையை ஒட்டி நாபோத்து என்பவரின் திராட்சைத் தோட்டம் இருந்தது. காய்கறித் தோட்டம் போட அந்த இடம் வேண்டும் என்றான் அரசன். மாற்று நிலம் தருவதாகவும் விலை தருவதாகவும் சொன்னான். என் மூதாதையரின் உரிமைச் சொத்தை விடமாட்டேன் என்றார் நாபோத்து. அரசி ஈசபேல் பொய்ச் சாட்சிகளை ஏற்பாடு செய்து அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். தோட்டத்தைக் கையகப்படுத்த ஆகாபு போனபோது எலியா அங்கே வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கொலையும் செய்துவிட்டுச் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்பதுதான் அவர் கொண்டுவந்த செய்தி.

எரேமியா இன்னும் நெருக்கமாகப் பேசுகிறார். யோயாக்கிம் மன்னன் கேதுரு மரப் பலகையும் பெரிய சன்னல்களும் வைத்து, செந்நிறம் பூசி மாளிகை கட்டினான். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. கேதுரு மரத்தில் போட்டி போடுவதால் நீ அரசனாகிவிடுவாயா என்று எரேமியா கேட்கிறார். உன் தந்தை ஏழையின் வழக்கை விசாரித்தான், கடவுளை அறிவது என்பது அதுதான் என்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் எழும் அடுக்குமாடிகளின் அடியில், தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதிக்கு உரை தேவையில்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: விவிலியத்தில் அரசர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்; கேள்வி கேட்கப்பட வேண்டியவர்; எளியவர்களுக்கு நீதி கிடைத்ததா என்பதே அவருக்கான அளவுகோல். இந்த அளவுகோலில் பெரும்பாலான அரசர்கள் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான், வரப்போகும் ஒரு நேர்மையான அரசரைப் பற்றிய எதிர்பார்ப்பு வளர்ந்தது. அவரையே மெசியா, அதாவது அருள்பொழிவு பெற்றவர் என்றார்கள். கிறிஸ்து என்பதும் அதே பட்டம்தான்.

கழுதை, துண்டு, முள்முடி

அப்பம் பகிர்ந்த பிறகு கூட்டம் இயேசுவைப் பிடித்து அரசராக்கப் பார்த்தது. அவர் தனியே மலைக்குப் போய்விட்டார். பிறகு எருசலேமுக்குள் வந்தபோது இரவல் வாங்கிய கழுதையில் வந்தார். போர்க்குதிரையில் வரும் வெற்றி வீரர்களுக்குப் பழகிய கண்களுக்கு அது பாதி கேலியாகவும் பாதி அறிவிப்பாகவும் இருந்திருக்கும். குருத்தோலை ஞாயிறன்று நாம் ஓலையில் சிலுவை முடைவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தைக் கழுதைக்கும் கொடுக்கலாம்.

கடைசி இரவில் அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அன்றைய பாலஸ்தீனத்தில் அது வீட்டு அடிமையின் வேலை. புழுதிச் சாலையில் செருப்போடு நடந்து வந்த கால்கள். பேதுரு பதறிப்போய் மறுத்தார். இன்று பெரிய வியாழனன்று நம் ஆலயங்களில் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பங்குத்தந்தை குவளையில் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளை வேட்டியில் வந்தவர்கள். பேதுரு பதறியதன் காரணம் அந்தச் சுத்தமான கால்களில் தெரிவதில்லை. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் இளம் குற்றவாளிகளுக்கான சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் இருந்த குழுவின் பாதங்களைக் கழுவியபோது உலகமே திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். சடங்கு பழைய அதிர்ச்சியை மீண்டும் பெற்றது.

தன்னை விசாரித்த உரோமை ஆளுநர் பிலாத்து முன்னால் அவர், என் ஆட்சி இவ்வுலகைச் சார்ந்ததல்ல என்றார். இதை வைத்துத்தான் அது பரலோக விஷயம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாக்கியத்தையும் படிக்க வேண்டும்: இவ்வுலகைச் சார்ந்ததாக இருந்திருந்தால் என் காவலர்கள் போராடியிருப்பார்கள் என்கிறார். இந்த உலகத்துக்கும் தன் ஆட்சிக்கும் தொடர்பில்லை என்று அவர் சொல்லவில்லை. வாளால் நிற்கும் ஆட்சி தன்னுடையது அல்ல என்கிறார். படைவீரர்கள் முள்முடி வைத்துச் செந்நிற அங்கி போர்த்திக் கேலி செய்தார்கள். யூதர்களின் அரசன் என்ற குற்றப் பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளிலும் சிலுவையில் மாட்டப்பட்டது.

பெருவிழாவுக்குரிய நற்செய்தி வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஓராண்டு, பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகியோரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் அரசர். அடுத்த ஆண்டு பிலாத்துவின் விசாரணை. மூன்றாம் ஆண்டு சிலுவையில் தொங்கும்போது குற்றவாளி ஒருவர் வைக்கும் வேண்டுகோள். மூன்றில் இரண்டில் அரசர் கைதியாக இருக்கிறார். பொற்கிரீடச் சுரூபத்தின் முன்னால் நின்றுகொண்டு இதைக் கேட்பது விசித்திரம்தான்.

1925-இல் ஏன் ஒரு விழா?

இந்தப் பெருவிழா மிகப் பழையதல்ல. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1925 டிசம்பரில் இதை ஏற்படுத்தினார். முதல் உலகப் போரில் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, ஒட்டோமான் பேரரசுகள் சரிந்திருந்தன. இத்தாலியில் 1922 முதல் முசோலினியின் ஆட்சி. 1870-இல் திருச்சபை தன் சொந்த அரசையும் இழந்திருந்தது. ஆகவே அந்த அறிவிப்பில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. எந்தத் தலைவனும் எந்தக் கொடியும் மனிதனை முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது ஒன்று. நாடுகள் கிறிஸ்துவை வெளிப்படையாக வணங்க வேண்டும் என்ற, பழைய அதிகாரத்துக்கு ஏங்கும் குரல் மற்றொன்று. முதல் குரலே நின்று பிடித்தது என்பது என் கணிப்பு. அக்டோபர்க் கடைசி ஞாயிறாக இருந்த விழாவை, 1969-இல் நடந்த நாள்காட்டிச் சீர்திருத்தம் திருவழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிறுக்கு மாற்றியது. திருவழிபாட்டு ஆண்டு என்பது கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தில் தொடங்கும் சபையின் ஆண்டுக் கணக்கு. விழா முடிவுக்கு நகர்ந்ததும் பேச்சு நாடுகளிலிருந்து வரலாற்றின் நிறைவுக்கு நகர்ந்தது.

முதல் குரலின் வலிமையை 1934-இல் ஜெர்மனியில் பார்க்கலாம். திருச்சபையையும் ஹிட்லர் ஆட்சிக்கு இசைய வைக்கும் முயற்சி நடந்தபோது, இறையியலாளர் கார்ல் பார்த் உள்ளிட்ட சீர்திருத்தச் சபையினர் பார்மன் என்ற ஊரில் கூடி, கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டிய வாழ்க்கைப் பகுதி எதுவும் இல்லை என்று அறிக்கையிட்டார்கள். கிறிஸ்து அரசர் என்பதற்கு அரசியலில் முதல் பொருள், மற்ற எவரும் முழு அரசர் அல்ல என்பதே.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. லயோலா கல்லூரி தொடங்கியதும் அதே 1925-இல்தான். அதன் வளாகத்தில் உயர்ந்து நிற்கும் ஆலயம் கிறிஸ்து அரசர் பெயரில் இருக்கிறது. இதன் மறுபக்கமும் இதே ஊரில் உண்டு. 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானபோது அதன் தலைவரான ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துகீசிய மன்னரிடம் இருந்தது. சிலுவையும் கிரீடமும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. அந்த வரலாற்றை மறைத்துவிட்டுப் பணிவிடை அரசர் என்று பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தொண்டு செய் என்று யாரிடம் சொல்வது?

இப்போது நீர்க்கட்டியிடம் திரும்புவோம். பணிதான் மேன்மை என்ற போதனை மேலே இருப்பவரிடம் சொல்லப்படும்போது நெருப்பு. தலைமுறை தலைமுறையாகப் பிறருக்கு ஊழியம் செய்தவரிடம் சொல்லப்படும்போது அது விலங்காகிவிடும். கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி தலித் இறையியல் வளர்ந்த இடங்களில் ஒன்று. தலித் இறையியல் என்பது சாதியால் நசுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து கடவுளைப் பற்றிப் பேசும் முயற்சி. அங்கே பணியாற்றிய அரவிந்த் நிர்மல், ஊழியம் செய்பவராகவே வெளிப்படும் கடவுளைப் பற்றி எழுதினார். தோட்டி வேலை செய்பவரின் பக்கத்தில் கடவுள் நிற்கிறார் என்பது வேறு, தோட்டி வேலை உனக்குக் கடவுள் கொடுத்தது என்பது வேறு. இரண்டையும் குழப்புபவர்கள் ஆலயங்களிலும் இருக்கிறார்கள். தனி வரிசை, தனிக் கல்லறை என்று சாதி பார்த்த கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. இன்னும் சில இடங்களில் அந்தச் சுவர் விழவில்லை.

மாற்கு நற்செய்தியில் இயேசு இதைச் சொல்லும் சூழலைக் கவனியுங்கள். சீடர்களான யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் அரியணை கேட்டு வந்தபோதுதான், உங்களுள் முதல்வராக விரும்புகிறவர் அனைவருக்கும் பணியாளராக வேண்டும் என்றார். பதவி கேட்டவர்களுக்குக் கொடுத்த பதில் அது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு அவர் இதைச் சொல்லவில்லை.

பூமியை ஆளுங்கள் என்றால்?

கிறிஸ்தவத்தின் மேல் வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டுகளில் ஒன்று 1967-இல் வந்தது. சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு வேர், பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளுங்கள் என்ற தொடக்க நூல் வசனத்தைப் பிடித்துக்கொண்ட மேற்கத்தியக் கிறிஸ்தவம்தான் என்று லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. காட்டை வெட்டவும் ஆற்றை மறிக்கவும் அந்த வசனத்தைக் காட்டியவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அந்த வசனத்தில் நடப்பது வேறு. பண்டைய மேற்கு ஆசியாவில் கடவுளின் சாயல் என்று சொல்லப்பட்டவன் அரசன் ஒருவனே. தொடக்க நூலோ ஆண், பெண் எல்லாரையும் கடவுளின் சாயல் என்கிறது. அரச பதவியை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. அப்படியானால் அரசருக்குப் போட்ட கடிவாளங்களும் எல்லாருக்கும் உண்டு என்று ஆகிறது. அடுத்த அதிகாரத்திலேயே மனிதரிடம் ஒப்படைக்கப்படும் வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு விட வேண்டும் என்றும், நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்றும் கடவுள் சொல்வது லேவியர் நூலில் இருக்கிறது. நகரை முற்றுகையிட்டாலும் அதன் பழமரங்களை வெட்டாதே என்பது இணைச்சட்டத்தில் இருக்கிறது. போரில்கூட. 2015-இல் வெளிவந்த பிரான்சிஸின் சுற்றுமடல் இந்த விளக்கத்தை முன்வைத்து, சுரண்டலுக்கு அந்த வசனத்தைக் காட்டுவது தவறான வாசிப்பு என்று தெளிவாகச் சொன்னது.

நீதியும் படைப்பும் இரண்டு தனித் துறைகள் அல்ல என்பதை இறைவாக்கினர் ஓசேயா வெகு முன்பே எழுதிவிட்டார். பொய்யும் கொலையும் திருட்டும் பெருகியதால் நிலம் புலம்புகிறது, விலங்குகளும் பறவைகளும் மீன்களும் மடிகின்றன என்கிறார். எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் பரவியபோது முதலில் முடங்கியது மீனவர்களின் வலையும் படகும். வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் ஏரி இருந்த இடத்தில் மனைகள் வந்தன; வெள்ளம் வந்தபோது தரைத்தள வாடகை வீடுகள்தான் முதலில் மூழ்கின. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி பல்லாண்டுகளாகக் குப்பைமேடு. நகரத்தின் வடிகால் எது, கழிவிடம் எது என்பதை முடிவு செய்தது யார் என்ற கேள்வி ஆகாபின் தோட்டத்தில் எலியா கேட்ட வகையைச் சேர்ந்தது.

எண்ணெய் பூசப்பட்ட எல்லாரும்

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒன்று. கத்தோலிக்கத் திருமுழுக்கில், தண்ணீர் ஊற்றியபின் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா எனும் நறுமணத் தைலம் பூசுவார்கள். கிறிஸ்துவின் குரு, இறைவாக்கினர், அரசர் ஆகிய மூன்று பணிகளிலும் அந்தக் குழந்தைக்குப் பங்கு கிடைக்கிறது என்பது அதன் பொருள். இந்த மூன்று பணிகளையும் சேர்த்துப் பேசுவதைக் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த சபைகளும் ஏற்கின்றன. ஆக, அரசர் என்பது பீடத்தில் இருக்கும் ஒருவரின் பட்டம் மட்டுமல்ல. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை.

அந்த வேலை ஆலய வளாகத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்பது என் குறை. நம் சட்டத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. பெரிய தொழிற்சாலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பல திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, மீனவக் குப்பத்துப் பெண்களோடு போய் உட்கார்ந்து, கழிவுநீர் எந்த ஓடையில் விழும் என்று எழுந்து கேட்பதும் திருமுழுக்கில் கிடைத்த அரசர் பணிதான்.